டியூபாவில் தனியாக வாசிக்க ஒரு பாட்டு

எங்கள் பழைய பேண்டு ஆட்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பெரும்பாலும் அதில் காலை வணக்கமும் மூட்டுவலிக் கஷாயமும்தான் வரும். போன மாதம் பவித்ரா என்ற பெண் அதில் ஒரு கேள்வி போட்டிருந்தார். இப்போது பேண்டில் டியூபா வாசிப்பவர் அவர்தான்.

"ஐயா, ஒரு சின்ன ஆர்கெஸ்ட்ராவோட சேர்ந்து டியூபா சோலோ வாசிக்கச் சொல்றாங்க. நீங்க ரிட்டயர் ஆனதுக்கப்புறம் வாசிச்சீங்களாமே. எந்தப் பாட்டுன்னு எப்படி முடிவு பண்ணீங்க? சுருக்கமா சொல்லுங்க."

சுருக்கமாகச் சொல்ல இரண்டு நாள் முயன்றேன். முடியவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

டியூபாவைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. பேண்டின் கடைசி வரிசையில், ஒரு ஆள் மடியிலோ தோளிலோ பெரிய பித்தளைக் குழாயைச் சுமந்துகொண்டிருப்பான். குழாயின் வாய் அண்டா அகலத்துக்கு வானத்தைப் பார்த்திருக்கும். மெட்டை கிளாரினெட்டும் ட்ரம்பெட்டும் வாசிக்கும். அந்த ஆள் அடியில் "பூம், பூம்" என்று நடை போட்டுக்கொண்டிருப்பான். முப்பத்தோரு வருடம் அந்த ஆள் நான்தான்.

நான் செஞ்சிக்காரன். காவல் படை ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள் என்று ஓடப் போனேன். எந்தப் படை என்று இங்கே எழுதப் போவதில்லை. ஓடி, தாண்டி, கயிறு ஏறி முடித்து வரிசையில் நின்றபோது, காதில் பென்சில் செருகிய ஒல்லியான மனிதர் ஒருவர் ஒவ்வொருவர் வாயையும் பார்த்துக்கொண்டே வந்தார். என் முன்னால் நின்றார்.

"பல்லைக் காட்டு."

காட்டினேன்.

"மூச்சை இழு. நான் சொல்ற வரைக்கும் விடாத."

கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்குக் கண் இருட்டியபோதுதான் "விடு" என்றார்.

"பாட்டு தெரியுமா?"

"தெரியாது சார்."

"ரொம்ப நல்லது" என்று என் பெயரை எழுதிக்கொண்டார். பேண்டு மாஸ்டர் தேவசகாயம் சாரை நான் சந்தித்தது அப்படித்தான். பாட்டு தெரிந்தவனுக்கு டியூபாவைக் கொடுத்தால் மெட்டு வாசிக்க ஆசைப்படுவான், தெரியாதவன்தான் ஒழுங்காக அடி வாசிப்பான் என்பது அவர் கணக்கு என்று பிறகு தெரிந்தது. இரண்டு வருடப் பயிற்சியில் நான் கற்றது மூன்று: உதடு வீங்கினாலும் ஊதுவது, நடந்துகொண்டே இசைக்குறிப்பைப் படிப்பது, எண்ணுவது. மற்றவர்கள் இசை கற்றார்கள். நான் ஒன்று இரண்டு மூன்று நான்கு கற்றேன்.

தேவசகாயம் சார் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. காலை ஆறு பத்துக்கு வருவார். முதல் வேலை வாத்தியச் சோதனை. ஒவ்வொன்றாக வாங்கி, கவிழ்த்து, உள்ளே தேங்கிய நீரைக் கொட்டுவார். பிறகு வாய் வைத்து ஊதும் பகுதியைக் கழற்றி முகர்ந்து பார்ப்பார். பீடி வாசம் அடித்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். வாத்தியத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார். அந்த ஆள் அன்று முழுவதும் பெரிய டிரம்மைச் சுமப்பான். கடைசியாக என்னிடம் வருவார். டியூபாவில் விரலால் அமுக்கும் வால்வுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் மூன்று சொட்டு எண்ணெய் விட வேண்டும். நான் விடுவதை அவர் வாய்க்குள் எண்ணுவார். நான்காவது சொட்டு விழுந்தால் முகம் சுருங்கும்.

வாசிக்கும்போது முன்னால் நிற்கவே மாட்டார். எனக்குப் பின்னால் வந்து டியூபாவின் முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார். சுரம் சரியாக இருந்தால் கையை எடுத்துவிட்டுப் போவார். இல்லையென்றால் எடுக்க மாட்டார். அவ்வளவுதான் பாராட்டும் திட்டும்.

அவர் சொந்தமாக ஒரு மெதுநடை எழுதியிருந்தார். பயிற்சி முடித்த காவலர்கள் மெல்ல நடந்து போய் அதிகாரிக்கு மரியாதை செய்யும்போது வாசிப்பதற்காக எழுதியது. அதற்குப் பெயர் கிடையாது. எங்கள் கோப்பில் எண் பதினான்கு. முப்பத்திரண்டு பார். பார் என்றால் தாளத்தின் ஒரு கட்டம், நான்கு எண்ணிக்கை. அந்த முப்பத்திரண்டு பாரைத்தான் நான் பணிக்காலம் முழுக்க ஆயிரக்கணக்கான தடவை வாசித்தேன். குவார்ட்டர்ஸில் சாயங்காலம் பயிற்சி செய்வதும் அதுதான்.

அந்த எண் பதினான்கில் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். பெரிய அணிவகுப்பு. அன்று நான் தாமதமாக எழுந்து, மைதானத்துக்கு ஓடி, எண்ணெய் விடாமல் நின்றுவிட்டேன். சாரும் அன்று மேடை வேலையில் இருந்ததால் சோதனை நடக்கவில்லை. பாதி நடையில் இரண்டாவது வால்வு கீழே போனது, மேலே வரவில்லை. வாயை எடுத்துவிட்டு நகத்தால் அதை நெம்பினேன். எட்டு பார் டியூபா இல்லை. மெட்டு ஜோராகப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் நடக்கிறவர்களுக்குக் கால் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. முதல் வரிசையின் பூட்ஸ் சத்தம் ஒன்றாக இருந்தது, மூன்றாக உடைந்தது, பிறகு தகரத்தில் கல் மழை விழுந்தது போல ஆகிவிட்டது.

மேடையிலிருந்த அதிகாரி அப்புறம் சாரைக் கூப்பிட்டுக் கேட்டார். "வாத்தியம் பழசு சார். என் பொறுப்பு" என்றார் அவர். நான் இரண்டடி தள்ளி விறைப்பாக நின்றுகொண்டு கேட்டேன். பிறகு என்னிடம் வந்து எண்ணெய்ப் புட்டியை என் சட்டைப்பையில் போட்டுப் பித்தானை மாட்டிவிட்டார்.

"ஏழுமலை, இவ்வளவு நாளா நீ வாசிச்சதை ஒருத்தரும் கேட்டதில்ல. இன்னைக்கு நிறுத்தினதை எல்லாரும் கேட்டுட்டாங்க."

அவர் எனக்கு எட்டு வருடம் முன்னால் ஓய்வு பெற்றுத் தெற்கே மகள் வீட்டோடு போய்விட்டார். என் முறை வந்ததும் வாத்தியத்தை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மனைவி சரோஜாவோடு செஞ்சிக்கே வந்துவிட்டேன். ஊருக்கு என்னைப் பற்றித் தெரிந்ததெல்லாம் நான் ஏட்டு என்பதுதான். சரோஜாவின் தம்பி பச்சையப்பன் பஸ் ஸ்டாண்டு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். கடைக்கு வருகிறவர்களிடம் என்னை இப்படித்தான் அறிமுகம் செய்வான்: "எங்க மாமா. போலீஸ் பேண்டுல குழாய் தூக்குனவரு."

"வாசிச்சவருடா" என்பேன்.

"தூக்காம எப்படி மாமா வாசிப்பீங்க?"

இதைச் சும்மா விட எனக்கு மனமில்லை.

அந்த நேரத்தில்தான் புதுச்சேரியிலிருந்து ஜெசிந்தா மேடம் போன் செய்தார். பியானோ சொல்லிக்கொடுப்பவர். பதினான்கு பேர் கொண்ட சின்ன ஆர்கெஸ்ட்ரா நடத்துகிறார். வயலின், செல்லோ, ஒரு டபுள்பாஸ், ஒரு புல்லாங்குழல், ஒரு கிளாரினெட். ஒருமுறை எங்கள் பேண்டு புதுச்சேரிக் கடற்கரையில் வாசித்தபோது கூட்டமெல்லாம் ட்ரம்பெட்டைப் பார்க்க, அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாராம். சின்ன ஊர்களில் போய் வாசிக்கப் போகிறார்கள். ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊர்க்காரர் ஒருவர் தனி வாசிப்பு. செஞ்சிக்கு நான்.

"என்ன வாசிக்கறதுன்னு நீங்களே முடிவு பண்ணலாம்" என்றார். அந்த ஒரு வாக்கியம்தான் அடுத்த இரண்டு மாதம் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

கச்சேரிக்கு மார்கழியில் ஒரு நாள் குறித்தார். கல்யாணம் இல்லாத மாதம், மண்டபம் சும்மா கிடக்கும். ஆனால் அவர் குறித்தது அமாவாசை.

"மேடம், அன்னிக்கு மேல்மலையனூர் அம்மன் கோயில் கூட்டம். செஞ்சி பஸ் ஸ்டாண்டுல நிக்க எடம் இருக்காது. ஆனா ஒருத்தர்கூட மண்டபத்துக்கு வர மாட்டாங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினார்.

என்னிடம் வாத்தியம் இல்லை. அவருக்குத் தெரிந்த பள்ளிக்கூடம் ஒன்றின் ஸ்டோர் ரூமில் ஒரு பழைய டியூபா கிடந்தது. மூன்று வால்வு, வயிற்றில் இரண்டு அடி வாங்கிய பள்ளம். அதைப் போர்வையில் சுற்றி அரசு பஸ்ஸில் செஞ்சிக்குக் கொண்டு வந்தேன். கண்டக்டர் போர்வையை விலக்கிப் பார்த்தார்.

"இன்னா பெரியவரே இது, பாய்லரா?"

"வாத்தியம்பா."

"ஓரமா வைங்க. யாராச்சும் உக்காந்துடப் போறாங்க."

திண்டிவனம் தாண்டியதும் ஒரு அம்மா தன் பையை அதன் வாய்க்குள் வைத்துவிட்டு அசந்து தூங்கிவிட்டார்.

ஜெசிந்தா மேடம் யோசனைக்கு இரண்டு பாட்டு கொடுத்து அனுப்பியிருந்தார். முதலாவது வேகமானது. சுரங்கள் எலிக்கூட்டம் மாதிரி மேலும் கீழும் ஓடும். டியூபா ஓடுவதைப் பார்த்தாலே ஜனங்கள் சிரிப்பார்கள், அதற்கென்றே எழுதியது. எனக்கு இரண்டு மனம். ஊர் சிரிக்குமே என்று ஒரு பக்கம். இவ்வளவு வேகம் வாசித்துக் காட்டினால் பச்சையப்பன் வாயை மூடுவானே என்று இன்னொரு பக்கம். இரண்டாவது ஜெயித்தது. வீட்டில் வாசிக்க ஆரம்பித்தேன்.

மூன்றாவது நாள் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். "ஏட்டையா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க ஊத ஆரம்பிச்சா எரும பாலை அடக்கிக்குது." எருமையோடு வாதாட முடியாது. ஊர் தாண்டி எங்கள் மல்லாட்டை, அதாவது நிலக்கடலைக் கொல்லையில் இருக்கும் மோட்டார் கொட்டகைக்கு வாத்தியத்தை மாற்றினேன்.

அங்கே வாசித்த இரண்டாவது வாரம், உச்சி சுரம் ஒன்றைப் பிடிக்க வாத்தியத்தை உதட்டோடு அழுத்தினேன். மேல் வரிசை முன்பல் உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்தது. நாக்கால் தொட்டேன். ஆடியது.

கடைவீதியில் பல் டாக்டர், என் மகள் வயதுப் பெண், விளக்கைப் பிடித்துப் பார்த்தார். "எடுத்துடணும் சார்."

"எடுத்தா ஊத முடியுமா?"

"எதை ஊதணும்?"

விளக்கினேன். கையால் அளவு காட்டினேன். அவர் என் வாயையும் என் கைகளுக்கு நடுவில் இருந்த காற்றையும் மாறி மாறிப் பார்த்தார். "எடுத்தா புதுப் பல் கட்டி, பழகறதுக்கு மாசக்கணக்குல ஆகும். எடுக்காம விட்டா, மெதுவா, அழுத்தாம ஊதுனீங்கன்னா கொஞ்ச நாள் நிக்கும். எவ்ளோ நாளுன்னு நான் சொல்ல முடியாது."

பல்லைக் காட்டி வேலைக்குச் சேர்ந்தவன் நான். பல் கச்சேரி வரைக்கும் நிற்க வேண்டும். எலிக்கூட்டப் பாட்டு அன்றோடு போயிற்று.

இரண்டாவது பாட்டு மெதுவானது, நீளமானது, அழகானது. உச்சி சுரம் கிடையாது, பல்லுக்கு ஆபத்தில்லை. ஆனால் எட்டு பார் ஒரே மூச்சில் போக வேண்டும். கொட்டகையில் மோட்டாரை நிறுத்திவிட்டு வாசித்தேன். ஐந்தாவது பாரில் மூச்சு முடிந்தது. மறுநாளும் ஐந்து. நடைப்பயிற்சி, மூச்சுப்பயிற்சி எல்லாம் செய்து ஒரு வாரம் கழித்து வாசித்தேன். ஐந்தே கால். போனில் ஜெசிந்தா மேடத்துக்கு வாசித்துக் காட்டினேன்.

"நடுவுல மூச்சு வாங்கிக்கலாமா மேடம்?"

"யோசிக்கலாம்" என்றார். அவர் அகராதியில் அதற்கு "முடியாது" என்று பொருள்.

பச்சையப்பனும் தன் பங்குக்கு வந்தான். "சினிமாப் பாட்டு ஒண்ணு போடுங்க மாமா. ஜனங்க கூடவே பாடுவாங்க."

"கூடப் பாடுனா நான் வாசிக்கிறது எங்கடா கேக்கும்?"

"அது நல்லதுதான மாமா. தப்பு வந்தாலும் தெரியாது."

கச்சேரிக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. என்னால் முடியாது, வேறு ஊருக்கு வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டு வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். சரோஜா முறத்தை மடியில் வைத்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். அவள் வாய் தானாக எதையோ முனகிக்கொண்டிருந்தது. தூம், தூம், தூந்தும் தும். என் வலது கை விரல்கள் வால்வு அமுக்குவது போலத் தொடையில் அசைந்தன. என்ன அசைகிறது என்று பார்த்த பிறகுதான் காதில் விழுந்தது.

"இன்னா பாட்டு அது?"

"எது?"

"இப்ப முனகுனியே."

"உங்க பாட்டுதான். குவார்ட்டர்ஸ்ல தெனம் வாசிப்பீங்களே." 

எண் பதினான்கு. மெட்டு இல்லை, என் அடி வாசிப்பு.

"அது பாட்டு இல்ல சரோஜா. அதுக்கு மேல வேற மெட்டு இருக்குது. இது சும்மா அடியில போறது."

"மேல இன்னா இருக்குது? பாடுங்க பாப்போம்."

பாடினேன். நான்கு பார் வந்தது. ஐந்தாவதில் நின்றுவிட்டேன். திரும்ப ஆரம்பித்தேன். திரும்பவும் அதே இடத்தில் நின்றேன். முப்பத்தோரு வருடம் அந்த மெட்டுக்கு அடியிலேயே நின்றிருக்கிறேன், ஆனால் எண்ணிக்கொண்டே இருந்ததில் அதைக் கேட்கவே இல்லை.

"உங்களுக்கே தெரியல. அப்ப நான் பாடுனதுதான பாட்டு" என்றாள் அவள். "நம்ம பெரிய பையனை இதைப் பாடித்தான் தூங்க வச்சேன். நீங்க டூட்டிக்குப் போயிருக்கறப்ப இது இல்லன்னா தூங்க மாட்டான்."

எங்கள் அணிவகுப்புக்கு அவள் ஒரே முறை வந்திருக்கிறாள். குழந்தை அழுததால் பாதியில் வெளியே போய்விட்டாள். அவளைப் பொறுத்தவரை அவள் புருஷன் வாசித்தது பாட்டு, அது இப்படித்தான் இருக்கும்.

"முதல்லேர்ந்து பாடு" என்றேன்.

பாடினாள். நான் விரல் விட்டு எண்ணினேன். முப்பத்திரண்டு பார். ஒன்றைக்கூட விடவில்லை. நான் மௌனமாக இருக்கும் இடங்களில் அவளும் சரியாக நிறுத்தி, அந்த நேரத்தில் ஒரு மல்லாட்டையை உடைத்தாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் டியூபாவோடு புதுச்சேரி போனேன். ஒத்திகை அறையில் பதினான்கு பேரும் இருந்தார்கள். ஜெசிந்தா மேடத்திடம் சொன்னேன்: என் சோலோ இந்த அடி வாசிப்புதான்.

"ஏழுமலை சார், சோலோன்னா மெட்டு வேணும். இது துணைக்கு வாசிக்கறது. அரிசி இல்லாம உலை மட்டும் வைக்கற மாதிரி இருக்கும்."

"ஒரு வாட்டி கேளுங்க மேடம். அப்புறம் யோசிக்கலாம்னு சொல்லுங்க. நான் போயிடறேன்."

வாசித்தேன். அழுத்தமே தேவையில்லை. பல் சும்மா இருந்தது. மூச்சுக்கு இரண்டு பாருக்கு ஒரு இடம் இருந்தது. முப்பத்திரண்டு பார் முடிந்து வாத்தியத்தைக் கீழே வைத்தேன். முதலில் பேசியவர் டபுள்பாஸ் வாசிப்பவர். ஆர்கெஸ்ட்ராவில் அடி வாசிப்பது அவர் வேலை.

"மேடம், இதை இவர் எடுத்துக்கிட்டா நான் என்ன பண்றது?"

"நீங்க மெட்டு வாசிங்க" என்றார் மேடம். சொன்ன பிறகுதான் அவர் ஒப்புக்கொண்டுவிட்டது அவருக்கே தெரிந்தது போல இருந்தது. பென்சிலை எடுத்தார். முதல் சுற்று டியூபா தனியாக. இரண்டாவது சுற்றில் மற்றவர்கள் மெட்டோடு ஒவ்வொருவராக உள்ளே வருவார்கள். மூன்றாவது சுற்று எல்லாரும். எழுதிக்கொண்டே கேட்டார். "சரி. அந்த மெட்டு எங்கே?"

அங்கேதான் சங்கடம். தேவசகாயம் சாரிடம் நான் பேசி மூன்று வருடம் ஆகியிருந்தது. அங்கிருந்தே போன் செய்தேன். அவர் மகள் எடுத்துக் கொடுத்தாள். குரல் மெலிந்திருந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

"டியூபா தனியாவா? எத்தனை பார்?"

"முழுசும் சார். முப்பத்திரண்டு."

மறுமுனையில் அவர் வாய்க்குள் எண்ணுவது கேட்டது.

"பதினேழாவது பார்ல நீ எப்பவும் இரண்டாவது வால்வை அமுக்குவ. அங்க அமுக்க வேண்டியது முதல் வால்வு. அரை சுரம் கூடிப்போகுது."

"சார், நான் தாள்ல எழுதியிருக்கறதைத்தான்..."

"எழுதினவன் நான். ரெண்டு தடவை சொன்னேன். சரி சார்னுட்டு மறுபடியும் அதையே வாசிச்ச. நடை ஒழுங்கா போகுது, போகட்டும்னு விட்டுட்டேன். மைதானத்துல யாருக்கும் கேக்காது. தனியா வாசிச்சா கேக்கும்."

சாயங்காலமே அவர் மகள் பழைய தாள்களைப் படமெடுத்து அனுப்பினாள். பதினேழாவது பாரில் பென்சிலால் ஒரு வட்டம். பக்கத்தில் "ஏழுமலை" என்று அவர் கையெழுத்து.

அடுத்த ஒத்திகையில் வயலின்களோடு சேர்ந்து வாசித்ததும் எனக்கே புரிந்தது. என் பழைய சுரமும் அவர்கள் சுரமும் பதினேழில் முட்டிக்கொண்டன, ஜெசிந்தா மேடம் கண்ணை மூடிக்கொண்டார். முதல் வால்வை அமுக்கினேன். வழுக்கிக்கொண்டு போயிற்று. விரலைப் பழக்க மோட்டார் கொட்டகையில் அந்த ஒரு பாரை மட்டும் நாள் முழுக்க வாசித்தேன்.

தூக்குவாளியில் டீ கொண்டு வந்த சரோஜா வரப்பிலேயே நின்றுவிட்டாள். "இன்னா அது, அங்க தப்பா வாசிக்கிறீங்க."

"இதுதான் சரி. இத்தனை நாள் வாசிச்சதுதான் தப்பு. மாஸ்டரே சொல்லிட்டாரு."

"அவருக்கு வயசாயிடுச்சு" என்று டீயை ஊற்றினாள். "அந்த எடத்துலதான் மனசு கொஞ்சம் மேல ஏறும். இப்ப ஏறல. பெரியவன்கூட அந்த எடத்துலதான் கண்ணை மூடுவான்."

கச்சேரி நாள். மண்டபத்தின் முன்பாதி நிறைந்திருந்தது. மேடையில் மணமக்கள் நாற்காலியை நகர்த்திவிட்டு ஆர்கெஸ்ட்ரா உட்கார்ந்திருந்தது. பச்சையப்பன் மைக்கைப் பிடித்து, "அடுத்து எங்க மாமா" என்று மட்டும் சொன்னான்.

முதல் சுரத்துக்கே பிள்ளைகள் சிரித்தார்கள். இரண்டாவதற்குப் பெரியவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எதிர்பார்த்ததுதான். ஆனாலும் காது சூடேறியது. நான் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். எண்ணினேன். ஆறாவது பாரில் சிரிப்பு குறைந்தது. பத்தாவதில் மின்விசிறிச் சத்தம் கேட்டது. டியூபாவின் ஓரமாகக் கீழே பார்த்தேன். முன்வரிசையில் செருப்புக் கால்கள் என்னோடு சேர்ந்து தரையைத் தட்டிக்கொண்டிருந்தன.

பதினாறாவது பாரில் மூச்சு வாங்கினேன். மூன்றாவது வரிசையில் சரோஜா. உதடு அசைந்துகொண்டிருந்தது. கூடவே பாடுகிறாள். அடுத்த சுரம் இருவருக்கும் வேறு வேறாக வரப் போகிறது. யோசிக்க அரை நொடிகூட இல்லை. இது தனிச் சுற்று, முட்டிக்கொள்ள வயலின் இல்லை. இரண்டாவது வால்வை அமுக்கினேன்.

ஜெசிந்தா மேடத்தின் புருவம் மேலே போனது. சரோஜா ஒன்றும் கவனிக்காமல் பாடிக்கொண்டே போனாள்.

இரண்டாவது சுற்றில் டபுள்பாஸ்காரர் மெட்டோடு உள்ளே வந்தார். வாழ்நாளில் முதல் தடவையாக மெட்டு கிடைத்தவர் போல வாசித்தார். செல்லோக்கள் சேர்ந்தன, வயலின்கள் சேர்ந்தன. அப்போதுதான் சாரின் மெட்டை நான் முழுசாகக் கேட்டேன். நல்ல மெட்டு. எண்ணுவதை ஒரு கணம் விட்டுவிட்டுக் கேட்டேன், ஆனால் விடாமல் வாசித்தேன். பதினேழில் முதல் வால்வு. மூன்றாவது சுற்றிலும் அதே, ஆனால் எல்லார் சத்தத்திலும் அது தனியாகக் கேட்டிருக்காது. முடிந்ததும் கைதட்டினார்கள். பின்னால் நின்றிருந்த மண்டபத்துக் காவலாளி விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். நானும் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டே திருப்பி வைத்தேன்.

சமையல்கூடத்தில் போண்டாவும் டீயும் வைத்திருந்தார்கள். ஜெசிந்தா மேடம் தட்டோடு வந்தார். "முதல் சுற்று பதினேழுல பழையபடி வாசிச்சிட்டீங்க."

"ஆமா மேடம்."

"தெரிஞ்சேவா?"

பதில் சொல்வதற்குள் சரோஜா வந்துவிட்டாள். "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டாவது வாட்டிதான் அந்த எடத்துல கோட்டை விட்டுட்டீங்க. இவங்கள்லாம் ஒண்ணா உள்ள வந்ததுல தடுமாறிட்டீங்க போல."

மேடம் என்னைப் பார்த்தார். பிறகு சரோஜாவைப் பார்த்தார். "ஆமாங்க, எங்க மேலதான் தப்பு" என்றார்.

அடுத்த வாரம் பல்லை எடுத்தாகிவிட்டது. கடைவீதியில் நான் போனால் டீக்கடைப் பக்கமிருந்து யாராவது "தூம், தூம்" என்கிறார்கள். சிலர் கிண்டலுக்கு, சிலர் சும்மா வாயில் வந்து. பச்சையப்பன் இப்போது கடையில் என்னை வேறு மாதிரி அறிமுகம் செய்கிறான்: "எங்க மாமா. தனியா வாசிச்சவரு."

கச்சேரிப் பதிவைத் தேவசகாயம் சார் மகளுக்கு அனுப்பியிருந்தேன். நான்கு நாள் பதில் இல்லை. ஐந்தாம் நாள் காலை ஒரு படம் வந்தது. அதே பழைய தாள், பதினேழாவது பார், என் பெயர் எழுதிய வட்டம். அதன் கீழே நடுங்கும் புதிய பென்சில் எழுத்தில் இரண்டு வரி: "முதல் தடவை தப்பு. அப்படியே இருக்கட்டும்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தேன்.

"உங்க மாஸ்டரா? இன்னா சொல்றாரு?" என்றாள் சரோஜா.

"ரெண்டாவது தடவைதான் தப்பாம்" என்றேன்.

"நான் அன்னிக்கே சொன்னேன்ல" என்று சொல்லிவிட்டு அவள் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.